ஏழு ஐம்பது கேட்டவருக்கு ஆறு ஐம்பது போட்ட கதை

டயர் கடை கவுன்டரில் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இதவிட கொஞ்சம் பெருசா போடலாமா?" பிக்கப் வைத்திருப்பவர் கட்டாயம் கேட்பார். அவருடைய வண்டி லாரி மாதிரி நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை. அதற்கு நீங்கள் "போடலாமே" என்று தலையாட்டினால்தான் தப்பு. நான் ஒருமுறை ஆட்டினேன். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

வேங்கிக்காலில் வேலூர் ரோட்டோரம் இருந்த டயர் கடையில் 1989இல் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்திருந்தேன். "பொண்ணுக்கு டயர் கடையிலயா வேல?" என்று சொந்தக்காரர்கள் அப்பாவைத் துளைத்தெடுத்தார்கள். கடைக்கு வருகிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. என்னைப் பார்த்ததும் எட்டிப் பார்த்து, "உள்ள ஆம்பள யாரும் இல்லியாமா?" என்பார்கள். "உள்ள நாப்பது டயர் இருக்குது. அதுல ஆம்பள எதுன்னு நீங்களே பாத்து எடுத்துக்கங்க" என்று ஒருநாள் பொறுமை போய்ச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த ஆள் எனக்கு நல்ல வாடிக்கையாளர். முதலாளி மட்டும் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடையில் டயர் மாட்டுகிறவர் பாஷா பாய். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். அதிகம் பேச மாட்டார். ஒரு வண்டி உள்ளே வந்தால் டயரைப் பார்ப்பதற்கு முன் நான்கடி தள்ளிப் போய் நின்று வண்டி எப்படி நிற்கிறது என்று பார்ப்பார். அது என்ன பார்வை என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. எனக்குப் போர்டில் எழுதியிருக்கும் அளவுகள் மனப்பாடம். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்றும் ஒரு நினைப்பு.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஏழுமலை அண்ணன் வந்தார். அடி அண்ணாமலைக்காரர். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பழைய டீசல் பிக்கப் ஒன்றும் இரண்டு சக்கர டிரெய்லரில் உட்காரவைத்த பெரிய ஜெனரேட்டர் ஒன்றும் வைத்துத் தொழில் செய்தார். கல்யாணம், கூழ் ஊற்றும் திருவிழா, பௌர்ணமிக்கு அன்னதானப் பந்தல் என்று எங்கே கரண்ட் வேண்டுமோ அங்கே பிக்கப்பின் பின்னால் ஜெனரேட்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார். அவர் மனைவி கஸ்தூரி அக்காவும் கூடவே போவார். வண்டி ஓட்டுவது அண்ணன், ஜெனரேட்டரைக் கவனிப்பது அக்கா. டீசல் அளவு பார்ப்பது, பெல்ட் இறுக்குவது, சத்தம் மாறினால் ஓடிப்போய் அணைப்பது எல்லாம் அக்காதான். இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்காமல் எங்கள் கடைக்குள் நுழைந்ததே இல்லை.

அன்றைக்கு அண்ணன் முகத்தில் சிரிப்பு இல்லை. போன முகூர்த்தத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுபோயிருந்தது. மைக் செத்து, விளக்கு செத்து, மாப்பிள்ளை வீட்டார் கத்திய கத்தலில் அண்ணன் நொந்துபோய், நம்பர் பார்க்கிற ஒரு ஜோசியரிடம் போயிருக்கிறார். அந்தக் காலத்தில் இந்த நம்பர் பைத்தியம் ஊரெங்கும் பிடித்திருந்தது. போன் நம்பர், வீட்டு நம்பர், வண்டி நம்பர் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே இருப்பார்கள்.

"எனக்கு நம்பர் ஒண்ணு, ராணிம்மா. சூரியன். வண்டியில சூரியனே இல்லன்னு சொல்லிட்டார்" என்றார் அண்ணன். "ஒங்க போர்டுல இருக்கிற எல்லா சைஸையும் கூட்டிப் பாத்துட்டேன். ஏழு அம்பது பதினாறு மட்டும்தான் ஒண்ணு வருது. நாலு டயரும் அதையே போட்டுடு."

அவர் சொன்னது கணக்குப்படி சரிதான். 7.50-16 என்பதில் ஏழும் ஐந்தும் சைபரும் ஒன்றும் ஆறும் சேர்ந்தால் பத்தொன்பது. ஒன்றும் ஒன்பதும் பத்து. பத்தைக் கூட்டினால் ஒன்று. ஆனால் அவர் பிக்கப்புக்குக் கம்பெனி போட்டு அனுப்பிய அளவு 6.50-16. இதைச் சொன்னேன்.

"அத்தவிட இது பெருசுதானே? பெருசுன்னா பலம்தானே?"

"பலம்தாண்ணா."

"அப்புறம் இன்னா யோசன?"

யோசித்துப் பார்த்தேன். ஏழு ஐம்பது உண்மையாகவே அதிக எடை தாங்கும் டயர். கனமான ஜெனரேட்டரை இழுக்கிற வண்டிக்குக் கூடுதல் பலம் இருந்தால் என்ன நஷ்டம் என்று தோன்றியது. மனம் உடைந்து வந்திருக்கிற ஆளைத் திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை. ஸ்டாக்கில் நான்கு டயர் இருந்தது. தலையாட்டினேன். பின்னால் எவ்வளவு எடை வருகிறது, எந்த ரோட்டில் போகப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாய் நான்கு டயரையும் மாட்டினார். பழைய ரிம்மில் புது டயர் பெருத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். வண்டி நன்றாக உயர்ந்துவிட்டது. அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கஸ்தூரி அக்கா ஒவ்வொரு டயருக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். அளவு எழுதியிருந்த இடத்தின் மேலேயே அப்பியதில் எண்ணே தெரியவில்லை. நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஜெனரேட்டரைப் பின்னால் கட்டியாயிற்று. பூசணிக்காய் சுற்றினார்கள், கற்பூரம் ஏற்றினார்கள்.

அப்போதுதான் பாய், வழக்கம்போல நான்கடி தள்ளி நின்றவர், என் பக்கத்தில் வந்தார்.

"ராணி, டிரெய்லர் மூக்கப் பாரு. தூக்கிக்கினு நிக்குது. நாளைக்கு ஜவ்வாது மலைக்குப் போறாங்களாம். ஏத்தத்துல இது..."

"பாய், கற்பூரம் எரியுது. இந்த நேரத்துல போயி..." என்று வாயில் விரல் வைத்தேன்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வண்டிக்குப் பூஜை நடக்கிறபோது "கவிழும்", "நிக்கும்", "உடையும்" என்று எதுவும் சொல்லக்கூடாது. சொல்ல வந்த வாயைப் பக்கத்தில் இருப்பவர்கள் பொத்துவார்கள். நான் பொத்தினேன். இருபது வருஷத்துக்கு மேல் டயரைத் தொட்ட ஆள் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொல்ல வருகிறார், நான் கற்பூரத்தைக் காரணம் காட்டி நிறுத்துகிறேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு கருவிகளைத் துடைக்கப் போய்விட்டார். வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. அண்ணன் ஜன்னல் வழியாகக் கையாட்டினார், நானும் கையாட்டினேன்.

என் நெஞ்சில் அன்று முழுக்க ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. பாய் சொன்னதில் என்ன இருக்கிறது என்று அன்று மத்தியானம் அவரிடமே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நான் போட்டது தப்பு என்று ஆகிவிடும் அல்லவா? அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

பாய் என்ன சொல்ல வந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அதிக தூரம் போகிறது. எஞ்சின் அதே பழைய எஞ்சின். ஆகவே அது இழுக்கத் திணறும். சமமான ரோட்டில் தெரியாது, ஏற்றத்தில் தெரியும். இன்னொன்று, வண்டி உயர்ந்தால் டிரெய்லரைக் கட்டுகிற கொக்கியும் உயரும். டிரெய்லரின் மூக்கு மேலே போகும், எடை பின்னால் சாயும். அப்படிச் சாய்கிற எடை பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும். தள்ளவேண்டிய சக்கரத்துக்கே பிடிமானம் குறைந்துவிடும். டயர் எவ்வளவு தாங்கும் என்று மட்டும் நான் பார்த்தேன். வண்டி எவ்வளவு இழுக்கும் என்று பார்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. முதலாளி வேலூர் போயிருந்தார். காலை பத்து மணி இருக்கும், போன் அடித்தது. மலையடிவாரத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஏழுமலை அண்ணன்.

"ராணிம்மா, வண்டி மலை ஏறல. கிளட்ச் போயிடுச்சு போல. பொகை நாத்தம் வருது. யாராவது நல்ல மெக்கானிக்கா பாத்து அனுப்பு. சாயங்காலம் மேல திருவிழா. அந்த ஊர்ல கரண்டே கெடையாது. நம்மள நம்பித்தான் சாமிய வெளிய எடுக்குறாங்க."

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லியேண்ணா?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"கஸ்தூரிக்குக் கையில அடி" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு வழி சுலபமாகத் திறந்திருந்தது. அவரே கிளட்ச் என்கிறார். தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. கிளட்சைப் பிரிப்பார்கள், பொழுது போய்விடும், திருவிழா இருட்டில் நடக்கும். நான் போட்ட டயரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இந்த வழி ஒருநாள் திறக்கும். எனக்கு அது திறந்ததை நான் மறைக்கவில்லை, ஒரு கணம் அதில் காலையும் வைத்தேன்.

ஆனால் "கையில அடி" என்ற வார்த்தை காதிலேயே நின்றது.

"அண்ணா, மெக்கானிக் வேணாம். கிளட்ச் இல்ல. டயர்தான். தப்பு என்னோடது. வண்டிய அப்படியே வெச்சிருங்க, நான் வர்றேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பாய் பின்னாலேயே நிற்கிறார். நான் வாய் திறப்பதற்கு முன், "ஆறு அம்பது எட்டு ப்ளை நாலு இருக்குது. எடுத்து வெச்சிட்டேன்" என்றார். ப்ளை என்றால் டயருக்குள் இருக்கிற அடுக்கின் கணக்கு. அடுக்கு கூடினால் அதே உயரத்தில் அதிக எடை தாங்கும். நேற்றே நான் எடுத்துக் கொடுத்திருக்கவேண்டிய டயர் அதுதான். நேற்றும் அதே அலமாரியில்தான் இருந்தது.

"நேத்தே ஒங்கள பேச விட்டிருக்கணும் பாய்."

"கற்பூரம் அணைஞ்சப்புறம் நானாவது சொல்லியிருக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணுதான். ஏறு, போகலாம்."

போளூருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு டெம்போவைப் பிடித்து, அடிவாரம் வரை வரச் சொன்னோம். "அவசர வேலை, மாலை வருகிறோம்" என்று சீட்டெழுதிக் கதவில் ஒட்டிப் பூட்டினேன். முதலாளியைக் கேட்காமல் கடையைப் பூட்டியது என் வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.

அடிவாரத்தில் ஒரு பஞ்சர் கடை. அதன் முன்னால் பிக்கப் தனியாக நின்றது. கஸ்தூரி அக்கா ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். இடது கையில் புடவைத் தலைப்பிலிருந்து கிழித்த துணி சுற்றியிருந்தது. துணி நனைந்து சிவந்திருந்தது. நடந்ததை அவரேதான் சொன்னார்.

"ரெண்டாவது வளைவுல வண்டி மூச்சு வாங்குச்சு ராணி. ஃபர்ஸ்ட் கியர்லயே நின்னுடுச்சு. பின்சக்கரம் சும்மா சுத்துது. ஹேண்ட் பிரேக்கப் போட்டாரு, நிக்கல. ஜெனரேட்டர் பின்னால இழுக்குது. நான் குதிச்சு ஒரு கல்ல எடுத்து டிரெய்லர் சக்கரத்துக்கு வெச்சேன். அது தாண்டிக்கினு வந்துட்சு. ரெண்டாவது கல்லு வெக்கும்போது விரல எடுக்க நேரம் இல்ல."

"பள்ளம் எவ்ளோ தூரத்துல இருந்துச்சுக்கா?"

அக்கா நல்ல கையால் சாண் போட்டுக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ எதுக்கு அழுவுற? சக்கரம் நின்னுடுச்சில்ல" என்றார்.

நான் அழுதது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சாண் தூரத்தில் போகவிருந்தது ஒரு ஜெனரேட்டர் மட்டும் இல்லை. அண்ணன் வண்டிக்குள் இருந்தார்.

அந்த வழியாக இறங்கி வந்த பஸ்காரர்கள் சேர்ந்து டிரெய்லரை ஓரமாகத் தள்ளி, நான்கு பக்கமும் கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிக்கப்பை மட்டும் கழற்றிக் கீழே கொண்டுவந்திருந்தார் அண்ணன். மணி பன்னிரண்டு. பாய் ஜாக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஏழுமலை அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"இருங்க பாய். இன்னா டயர் எடுத்தாந்திருக்கீங்க?"

"ஆறு அம்பது."

"வேணாம். வேற இன்னா வேணாலும் பண்ணுங்க. சைஸை மாத்தாதீங்க."

நான் எடுத்துச் சொன்னேன். சக்கரத்தின் உயரம், கொக்கியின் உயரம், எடை பின்னால் சாய்வது, எல்லாவற்றையும் மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். ஒரு வாத்தியார்கூட அவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டார். அண்ணன் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "நீ சொல்றதெல்லாம் சரிதாம்மா. ஆனா பள்ளத்துக்கு ஒரு சாண் முன்னாடி வண்டி எப்படி நின்னுச்சு? அந்த நம்பர்தான் நிறுத்துச்சு" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நிறுத்துனது நம்பர் இல்லண்ணா, அக்காவோட விரல்" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் மனசும் முறிந்திருக்கும், வண்டியும் அங்கேயே நின்றிருக்கும். பயந்துபோன மனுஷன் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். அவர் பிடித்திருந்தது அந்த ஒன்று என்கிற எண்ணை. அதைப் பிடுங்குவதற்கு என்னிடம் மண்ணில் போட்ட கோட்டைத் தவிர எதுவும் இல்லை. பாய் ஜாக்கியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

கஸ்தூரி அக்கா எழுந்து வந்தார்.

"ராணி, ஆறு அம்பது பதினாறு கூட்டுனா எவ்ளோ வருது?"

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினேன். ஆறு, ஐந்து, சைபர், ஒன்று, ஆறு. பதினெட்டு. ஒன்றும் எட்டும் ஒன்பது.

"ஒம்போதா?"

"ஒம்போதுக்கா."

அக்கா அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏங்க, ஜோசியர் வண்டி யார் பேர்ல இருக்குதுன்னு கேட்டாரா?"

அண்ணன் முழித்தார். ஆர்.சி. புத்தகம் அக்கா பேரில். அக்காவின் அப்பா கொடுத்ததை வைத்துத்தான் வண்டியே வாங்கினார்கள் என்பது எங்கள் கடைக்கே தெரியும்.

"கேக்கல" என்றார்.

"வண்டி என் பேர்ல. நம்பர் ஒங்களுது. அப்புறம் எப்படி ஏறும்? நான் பொறந்தது இருபத்தேழாந் தேதி. ரெண்டும் ஏழும் ஒம்போது. எனக்கு ஒம்போதுதான் ஆவும். பாய், மாட்டுங்க."

அண்ணன் அக்காவின் முகத்தைப் பார்த்தார், துணி சுற்றிய கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. பிறகு நகர்ந்து பாய்க்கு வழி விட்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் நான்கு டயரும் மாறின. மேலே போய் டிரெய்லரைக் கட்டியதும் பாய் நான்கடி தள்ளி நின்று பார்த்தார். நானும் அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். டிரெய்லரின் மூக்கு பிக்கப்போடு ஒரே மட்டத்தில், தரைக்குச் சமமாக இருந்தது. ஆறு வருஷமாக அவர் என்ன பார்க்கிறார் என்று அன்றைக்குத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஜெனரேட்டருக்காக ஏற்றியிருந்த டீசல் பேரலையும் பிக்கப்பின் பின்பக்கமாக நகர்த்தி வைக்கச் சொன்னார் பாய், சக்கரத்துக்குப் பிடிமானம் வரட்டும் என்று.

"நான் உள்ள ஒக்காந்து வர்றேண்ணா" என்றேன்.

"நீ எதுக்கும்மா? நடந்து வா."

"நான் எடுத்துக் குடுத்த டயரு. நானும் ஏறுறேன்."

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அக்கா நல்ல கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு டிரெய்லருக்குப் பின்னால் நடந்தார். இன்னொரு பக்கம் பாய். வண்டி உறுமியது, கிளம்பியது. அந்த இரண்டாவது வளைவில் அண்ணன் ஃபர்ஸ்ட் கியரிலேயே வைத்து ஓட்டினார். எஞ்சின் சத்தம் கனத்தது, ஆனால் திணறவில்லை. வளைவு தாண்டி வண்டி நேரானதும் அண்ணன் பெருமூச்சு விட்டு, "ஒம்போது நல்ல நம்பர்தான் ராணிம்மா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் அக்கா கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு வண்டியை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்.

மேலே விளக்கெரிந்ததை நாங்கள் பார்க்கவில்லை. மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து நானும் பாயும் இறங்கிவிட்டோம். விளக்கு ஒருதரம்கூட அணையவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். சுற்றுவட்டாரத்து மலை ஊர்கள் எல்லாம் அடுத்த வருஷத்திலிருந்து ஏழுமலை அண்ணனைத்தான் கூப்பிட்டன. திங்கட்கிழமை முதலாளியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "இனிமே இழுவை வண்டிக்கு டயர் கேட்டா, இழுக்கிறதையும் கட்டிக்கினு வரச் சொல்லு" என்றார், அவ்வளவுதான்.

அதுவே எங்கள் கடையின் வழக்கமாகிவிட்டது. நீங்களும் அதைச் செய்யுங்கள். பிக்கப்பை மட்டும் பார்த்து அளவு சொல்லாதீர்கள். பின்னால் கட்டுவதையும் கட்டி, அதில் ஏற்றுவதையும் ஏற்றி, தள்ளி நின்று பாருங்கள். எந்த ரோடு என்று கேளுங்கள். பலம் வேண்டுமென்றால் அடுக்கைக் கூட்டுங்கள், உயரத்தைக் கூட்டாதீர்கள். பக்கத்தில் நிற்கிறவர் ஒரு குறை சொல்ல வந்தால், கற்பூரம் எரிந்தாலும் சரி, சாமியே எதிரில் நின்றாலும் சரி, பேச விடுங்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கதை முடிந்தது அங்கே இல்லை.

இரண்டாயிரம் பிறந்து நான்கைந்து வருஷம் கழித்து இரண்டு பேரும் புது பிக்கப் ஒன்றில் கடைக்கு வந்தார்கள். பின்னால் புது ஜெனரேட்டர். சொல்லாமலேயே கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அண்ணன் வெளியே பாயோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா கவுன்டருக்கு வந்தார். கல்லை வைத்த விரலில் நகம் கோணலாகத்தான் வளர்ந்திருந்தது.

"புது வண்டிக்கு இப்ப வேற கணக்கு வந்துடுச்சுக்கா. எல்லாம் ரேடியல் டயரு, சைஸ் எழுதறதே வேற மாதிரி. ஒங்க ஒம்போது இதுல வராது போலருக்கே" என்று கிண்டல் செய்தேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் பொறந்த தேதி எங்கம்மாவுக்கே தெரியாது ராணி. ஏரி நெறைஞ்ச வருசம்னு மட்டும்தான் சொல்லும். நீ கூட்டி ஒம்போதுன்னு சொன்னியே, அத்த வெச்சு அடிச்சு வுட்டேன். இல்லன்னா அந்த மனுசன் ஏறியிருப்பாரா? அவருகிட்ட சொல்லிடாத."

டயர் கணக்கு எல்லாம் எனக்குத் தெரியும். அவருக்கு அந்த மனுஷனைத் தெரிந்திருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே வண்டியில் போய் உட்கார்ந்தார். அண்ணன் பில்லில் கையெழுத்துப் போட உள்ளே வந்தார். வயதாகிவிட்டது, கண்ணாடி போட்டிருந்தார்.

"இன்னா சொல்லி அப்படிச் சிரிக்கிறா?"

"ஒண்ணும் இல்லண்ணா. பழைய கத."

"இருபத்தேழாந் தேதி கதையா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவ பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல ராணிம்மா. தேதி எப்படித் தெரியும்? எனக்கு அப்பவே தெரியும். கையில ரத்தத்தோட நின்னுக்கினு, மொகத்த அப்படி வெச்சிக்கினு பொய் சொல்றா. எனக்காக. அப்புறம் நான் எந்த நம்பரப் புடிச்சிக்கினு நிக்கறது?"

"அக்காகிட்ட இதச் சொல்லவே இல்லியா?"

"எதுக்குச் சொல்லணும்? மாசம் இன்னான்னு கேட்டா மாட்டிக்குவா. அதான் கேக்கறதில்ல. எல்லா மாசமும் இருபத்தேழாந் தேதி பூ வாங்கியாந்துடறது."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிக்கப் கிளம்பித் திரும்பியபோது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினார். தலை நிறைய மல்லிகை. நான் திரும்பி, கவுன்டருக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் தேதி பார்த்தேன்.